மரமேறும் பிள்ளைகளுக்கு நியாயக் கூலி



தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் சென்று வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த வெயிலில் நமக்கு நிழல் தருபவை ஜோர்ஜ் டவுன் சாலைகளில் நிற்கும் பெரிய மரங்களே. மாலையானதும் இலையை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரத்தை நாம் எல்லோரும் அறிவோம். மலாய்க்காரர்கள் அதற்குப் 'புக்கூல் லிமா', அதாவது ஐந்து மணி மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனோடு அங்சானாவும் மலைவேம்பைப் போன்ற மகோகனியும் நிற்கின்றன. தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள தாவரப் பூங்காவோ 1884-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

நிழல் தரும் மரமே ஆபத்தாகவும் மாறக்கூடும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இரவு பினாங்கில் அடித்த புயல் மழையில் ஊரெங்கும் வெள்ளம் புகுந்தது. மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. ஆகவே, பட்ட கிளையைக் கழிப்பதும், நோயுற்ற மரத்தைப் பார்த்துச் சீர்செய்வதும், விழப்போகும் மரத்தைப் பத்திரமாக இறக்குவதும் ஒரு நகரத்துக்கு இன்றியமையாத வேலைகள்.

இந்த வேலையைச் செய்பவர்கள் யார்? பெரும்பாலும் குத்தகைக்காரரின் லாரியில் வந்து இறங்கும் ஐந்தாறு பேர்தான். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளும் அந்த லாரியில் ஏறுவதுண்டு. அப்படிப் போகும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கூலி என்ன, பாதுகாப்பு என்ன என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது வெறும் கூலிவேலை அல்ல, கைத்தொழில். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பட்டை மறுபடி சீராக வளராது என்பது நமக்குத் தெரியும். கிளை கழிப்பதிலும் அதே கணக்குத்தான். கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், அது முறிந்து விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். தொழில் தெரிந்தவர் முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் சிறிது அறுப்பார். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவார். கடைசியாக, கிளை தொடங்கும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் மிச்சத்தை அறுப்பார். அந்த வளையம் பத்திரமாக இருந்தால்தான் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். இவ்வளவையும் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கையில் ஓடும் சங்கிலி ரம்பத்தோடு செய்ய வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போகலாம். கிளையில் குளவிக் கூடும் இருக்கலாம். இப்படிப்பட்ட வேலைக்கு அரைக்கூலி என்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஆனால், இளம்பிள்ளை என்றதும் சிலர் வாயில் வரும் சொல் ஒன்று உண்டு: "பையன் இப்போதுதான் பழகுகிறான்." இந்த ஒரு சொல்லை வைத்தே கூலி குறைக்கப்படுகிறது, சம்பளச் சீட்டு மறுக்கப்படுகிறது, சொக்சோவில் பெயர் பதியாமல் விடப்படுகிறது.

தோட்டத்து வாழ்க்கையில் நமக்கு இது புதிதல்ல. தாய் தகப்பனோடு காட்டுக்குப் போன பிள்ளைகள் கோப்பை துடைத்தார்கள், ஒட்டுப்பால் பொறுக்கினார்கள், புல்லும் வெட்டினார்கள். செக்ரோலில் பெற்றோரின் பெயர் இருந்தது. பிள்ளையின் பெயர் இல்லை. வேலை நடந்தது, ஆனால் செய்த கைக்குக் கணக்கு இல்லை. அதற்கும் முந்திய காலத்தில், தன் கீழ் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணி தலைக்காசு வாங்கினார். கங்காணி முறையில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவருவது 1938-இல் நின்றது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று நடுவில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேறு உருவில் தொடர இடம் கொடுக்கலாமா? பெயர் எழுதப்படாத கைக்கு உரிமை கேட்க வழியில்லை என்பதே நம் பெரியவர்கள் பட்டறிந்த பாடம்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட பெரிய திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. அவற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது ஒன்று. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதற்காக ஒருவர் தொழிலாளர் அல்ல என்று சொல்லிவிட முடியாது. எப்படி வேலை செய்வது, எத்தனை மணிக்கு வருவது என்பதை முதலாளி தீர்மானிக்கிறாரா? ரம்பமும் கயிறும் அவர் கொடுத்தவையா? குறித்த நாள்களில் பணம் கொடுக்கிறாரா? இத்தகைய அடையாளங்களைக் கொண்டு, அங்கே வேலை செய்பவரைத் தொழிலாளர் என்றே சட்டம் கருதும். "அவன் என் ஆள் இல்லை, சும்மா உதவிக்கு வந்தவன்" என்ற பேச்சு எடுபடாது.

பழகுநர் என்பதற்கும் சட்டத்தில் அர்த்தம் உண்டு. பழகுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமலும் இருபத்து நான்கு மாதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் முதலாளி முறையாகத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். "பழகுகிறான்" என்று வாயால் சொல்லிவிட்டுக் கிளை இழுக்க விடுவது பழகுநர் பயிற்சி ஆகாது. அந்தப் பிள்ளை மற்றவர்களைப் போன்ற தொழிலாளரே. மற்றவர்களுக்குள்ள குறைந்தபட்சச் சம்பளம் அவருக்கும் உண்டு.

அந்தச் சம்பளம் எவ்வளவு? 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி என்று வைக்கப்பட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அது 2025 ஆகஸ்டு முதல் பொருந்தும். வாரம் ஆறு நாள் வேலையென்றால், நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 வெள்ளி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. கைக்கு வருவது 1,170 வெள்ளி. மாதத்துக்கு 530 வெள்ளி குறைகிறது. ஆண்டுக்கு 6,360 வெள்ளி. வீட்டில் ஒரு தங்கையின் மேற்படிப்புச் செலவுக்கு உதவக்கூடிய பணம், "பழகுகிறான்" என்ற ஒரு சொல்லில் கரைந்து போகிறது.

இன்னும் சில உரிமைகளையும் நினைவில் வைப்போம். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. மிகை நேர வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். ரம்பம் உடைந்தது, கயிறு அறுந்தது என்று முதலாளி தம் விருப்பப்படி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது; எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

அடுத்து வயது. 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி சொல்கிறது. சிறார் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிக்கும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 182-ஆவது உடன்படிக்கையை மலேசியா 2000-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. நாற்பது அடி உயரத்தில் ரம்பத்தோடு தொங்குவது ஆபத்தான வேலையா இல்லையா என்று நாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. படிப்பை நிறுத்திய பதினாறு வயதுப் பையனை, "உடம்பு லேசாக இருக்கிறது, நன்றாக ஏறுவான்" என்று மரத்தில் ஏற்றுவது தவறு. அதற்குப் பெற்றோர் தலையாட்டுவதும் தவறு.

வயது வந்தவருக்கும் தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, இடுப்பு வார், நல்ல கயிறு, ரம்பம் பட்டாலும் காலைக் காக்கும் தடித்த காற்சட்டை ஆகியவை வேண்டும். ரம்பத்தை ஓட்டும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒருவர் நிற்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளர், அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். மின்கம்பியை ஒட்டிய கிளையில் ஏற மறுக்கும் பிள்ளை கோழையல்ல. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

விபத்து நேர்ந்துவிட்டால்? அப்போதுதான் பெயர் எழுதியதன் அருமை தெரியும். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பழகுநர்களையும் உள்ளடக்கியது. வேலையில் காயம்பட்டால் மருத்துவச் செலவும், மருத்துவ விடுப்புக் காலத்துக்கு உதவித்தொகையும், உடல் ஊனமானால் அதற்கான தொகையும், உயிர் போனால் குடும்பத்துக்கு உதவியும் சொக்சோவில் உண்டு. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாதா மாதம் சில வெள்ளியை மிச்சப்படுத்தப் பெயரைப் பதியாமல் விட்ட முதலாளி, அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் பிள்ளைக்கு ஓர் அன்பளிப்புக் கவரைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கலாம். அந்தக் கவரோடு நாம் திரும்பிவிடக் கூடாது. முதலாளி பதியத் தவறியது அவருடைய குற்றம். அதனால் நாம் நேரே சொக்சோ அலுவலகம் சென்று கேட்க வேண்டும்.

"இப்படியெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமே" என்று தாய்மார்கள் அஞ்சுவது நியாயமே. குத்தகைக்காரருக்கும் சங்கடம் உண்டு. மலிவான விலை சொன்னவருக்கே வேலை என்று வீட்டுக்காரரும் நிறுவனங்களும் கேட்கும்போது, அவர் கூலியில்தான் கை வைக்கிறார். ஆனால், குறைந்தபட்சச் சம்பளம் எல்லாக் குத்தகைக்காரருக்கும் ஒன்றுதான். அதைக் கொடுத்துத் தொழில் செய்பவர், கொடுக்காதவரிடம் வேலையை இழக்கக் கூடாது என்பதற்காகவும் நாம் கேட்க வேண்டும். அதே லாரியில் வரும் வங்காளதேசத்துத் தொழிலாளருக்கும் இந்தோனேசியத் தொழிலாளருக்கும் இந்தச் சம்பளமே உரியது. அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் நாளை நம் பிள்ளைக்கும் குறையும். தோட்டங்களில் சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுசேர்ந்தது ஏன்? தனித்துக் கேட்ட குரல் எடுபடவில்லை என்பதால்தானே!

ஆகவே, பிள்ளை லாரியில் ஏறுமுன் நாம் கேட்க வேண்டியவை இவை: நாள் கூலி எவ்வளவு, மழை நாளுக்கு என்ன ஏற்பாடு? சொக்சோவிலும் ஊழியர் சேமநிதியிலும் பெயர் பதிந்தாயிற்றா? கயிறும் கவசமும் யார் கொடுப்பது? தொழிலைக் கற்றுக்கொடுப்பவர் யார், எத்தனை மாதத்துக்கு? விடையை எழுத்தில் வாங்குவது நல்லது. வாங்க முடியாவிட்டால், நாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். தேதி, வேலை செய்த இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாங்கிய பணம் ஆகியவற்றை அன்றன்று குறித்தால் போதும். கூலி குறைந்தால் அந்த நோட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். சம்பளத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த இலாகாவுக்கு உண்டு. வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம்.

செக்ரோலைக் கிராணி எழுதிய காலத்தில், அதில் நம் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட நம்மவர்கள் தயங்கினார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இனி அந்தக் கணக்கை நம் வீட்டிலும் எழுதி வைப்போம்.