சூடம் எந்தச் சூட்டில் உருகும்?

மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று எரியும் சூடத்துக்குக் கணக்கே இல்லை. நல்ல சூடம் என்று நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? மணக்க வேண்டும், எரிந்தபின் தட்டில் எதுவும் மிஞ்சக் கூடாது. இந்த இரண்டு சோதனைகளும் போதாது என்பது என் வாதம். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீனும் மிச்சமின்றி எரியும்; அதன் நெடியைச் சூடத்தின் மணம் எளிதில் மறைத்துவிடும். கலப்பைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி வேறொன்று இருக்கிறது. சூடம் உருகும் வெப்பநிலைதான் அது.

தூய சூடம் 176 முதல் 180 டிகிரி செல்சியசுக்குள் உருகும். பெரும்பாலான பொருள்கள் உருகும்போது ஏராளமான வெப்பத்தை விழுங்குகின்றன. ஒரு கிராம் பனிக்கட்டிக்கு 334 ஜூல் வேண்டும். சூடத்துக்கு ஏறக்குறைய 45 ஜூல் போதும். உருண்டை வடிவான அதன் மூலக்கூறுகள் திண்ம நிலையிலேயே இடம் மாறாமல் சுழன்றுகொண்டிருப்பதால், திரவமாவதற்கு அவை கூடுதலாகப் பெறவேண்டியது கொஞ்சமே. இதன் விளைவு வியப்பூட்டுவது. 100 கிராம் சூடத்தில் 1 கிராம் நாப்தலீன் கரைந்தாலே உருகுநிலை சுமார் 3 டிகிரி இறங்கிவிடும். தண்ணீரில் அதே அளவு மூலக்கூறுகள் கரைந்தால் உறைநிலை கால் டிகிரிகூட இறங்காது. இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் 1922இல் கார்ல் ராஸ்ட், சூடத்தில் பிற பொருள்களைக் கரைத்து அவற்றின் மூலக்கூறு எடையைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். கலப்பை இத்தனை நுட்பமாக உணரும் பொருள்கள் மிகக் குறைவு.

அப்படியானால் கண்ணாடிக் குழாயும் வெப்பமானியும் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திறந்த குழாயில் சூடம் உருகுமுன்பே ஆவியாகி ஓடத் தொடங்கும். கண் பார்த்துச் சொல்லும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் குறைகளைத் தவிர்க்க, வெப்பப் பகுப்பாய்வுக் கருவியில் சில மில்லிகிராம் சூடத்தைச் சிறிய அலுமினியக் கிண்ணத்தில் இறுக மூடி, பக்கத்தில் ஒரு வெற்றுக் கிண்ணத்தையும் வைத்து, இரண்டையும் ஒரே வேகத்தில் சூடேற்றுவார்கள். சூடம் உருகும் கணத்தில் அதன் கிண்ணம் கூடுதல் வெப்பத்தை இழுக்கும். வரைபடத்தில் ஒரு முகடு எழும். 156.6 டிகிரியில் உருகும் இண்டியம் உலோகத்தைக் கொண்டு கருவியை முன்னதாகவே சரிபார்த்திருப்பார்கள். முகடு தொடங்கும் இடம் உருகுநிலையைச் சொல்லும். முகடு அகன்று சரிந்திருந்தால் கலப்பு இருக்கிறது என்று பொருள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. சூடத்தில் கரையாத பொருளைக் கலந்தால் உருகுநிலை அசையாதே? உண்மை. பத்துமலைப் பாறையே சுண்ணாம்புக்கல்தான். அதன் தூளைக் கலந்தால் உருகுநிலைக்கு அது தெரியாது. ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பச் சொல்லவில்லை. இன்னொரு மாதிரியைத் திறந்த கிண்ணத்தில் வைத்து, சூடேற்றியபடியே எடை பார்க்க வேண்டும். சூடம் 200 டிகிரியைச் சுற்றி முழுக்கப் போய்விடும். சுண்ணாம்புக்கல் தூள் அங்கேயே கிடக்கும். அது உருகாது, பல நூறு டிகிரிக்கு அப்பால் கரியமில வாயுவை வெளியிட்டு, எடையில் 44 விழுக்காட்டை இழக்கும். வெப்பப் பகுப்பாய்வின் பெருமையே இதுதான். பொருள் உருகுகிறதா, ஆவியாகிறதா, சிதைகிறதா என்று பிரித்துக் காட்டும்.

இந்த வட்டாரத்தின் பழைய கற்பூரமும் இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088இல் கல்வெட்டு வைத்த சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம், கற்பூரத்துக்கே பேர்போனது. அங்கிருந்து ஏற்றுமதியான பொருள் கிடைக்கும் மரத்தைப் பத்துமலைக்கு அருகில், கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்தில் இன்றும் பார்க்கலாம். அந்தப் பொருள் போர்னியால். அது சுமார் 208 டிகிரியில் உருகும். இன்றைய சூடமோ பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. அன்றைய வணிகர்கள் அனுபவத்தால் தரம் பிரித்திருப்பார்கள். நம்மிடம் அந்த அனுபவமும் இல்லை, பொட்டலத்தில் உருகுநிலையும் இல்லை.

ஒரு சூடக் கட்டிக்கு இவ்வளவு விலையுள்ள கருவியா என்பார்கள். கட்டிக்குக் கட்டி வேண்டாம். இறக்குமதியாகும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு சிட்டிகை போதும், அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும். இந்தச் சோதனைக்கு வலுவான காரணமும் உண்டு. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி குறைவா என்று பார்க்கிறார்கள். குறைவாக உள்ள குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். அந்தக் குழந்தையும் தாயின் தோளில் படியேறி வந்து, தீபாராதனைக்கு முன்னால்தான் நிற்கிறது.