தேட வேண்டிய நேரத்தில் கதை பேசுகிறோம்

(செகந்திராபாத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்று அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு நம்முடைய வாயைப் பற்றிப் பேசப் போகிறோம். கேட்பதற்குச் சிலருக்குக் கசக்கும். சொல்வதற்கு எங்களுக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஏனென்றால் இந்தக் குற்றத்தில் முதல் வரிசையில் நிற்பவர்கள் சங்கத்தை நடத்துகிற நாங்களே.

ஒரு வயதுப் பெண் வீடு திரும்பவில்லை என்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? தேடுகிறோமா? இல்லை. "யாரோடு?" என்று கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியிலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பிறகு எவன், என்ன சாதி, எத்தனை நாள் பழக்கம், தாய்க்குத் தெரியுமா தெரியாதா என்று கதை வளர்கிறது. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. நாம் அவல் மெல்லுகிற அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க ஆளில்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். யாதாத்ரி புவனகிரி மாவட்டம் பொம்மலராமாரம் மண்டலத்தில் ஹாஜிப்பூர் என்று ஒரு சிற்றூர். சரியான பஸ் வசதி இல்லாத ஊர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன பிள்ளைகள், வழியில் வருகிற மோட்டார் சைக்கிளைக் கை காட்டி நிறுத்தி ஏறித்தான் வீடு வந்து சேருவார்கள். 2019 ஏப்ரல் 25-ஆம் தேதி, சிறப்பு வகுப்புக்குப் போன ஒரு பள்ளி மாணவி திரும்பவில்லை. பெற்றோரும் ஊராரும் தேடினார்கள். மறுநாள் ஒரு பாழுங்கிணற்றில் அவளுடைய சடலம் கிடைத்தது. அதே ஊரைச் சேர்ந்த ஒருவன் பிடிபட்டான். வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி அழைத்துப் போனவன் அவன்.

அதோடு முடியவில்லை. விசாரணை நடக்க நடக்க இன்னொரு பெண்ணின் சடலமும் கிடைத்தது. அவள் கல்லூரி மாணவி. மார்ச் மாதமே காணாமல் போனவள். பின்பு 2015-இல் காணாமல் போன 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்புகளும் கிணற்றிலிருந்து வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் நல்கொண்டா நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

தோழர்களே, இதில் நம் நெஞ்சைச் சுட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்ச்சில் காணாமல் போன அந்தக் கல்லூரி மாணவிக்காகப் போலீசில் புகார் கொடுக்கப்படவில்லை. மகள் யாரோடோ போய்விட்டாள் என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். வெளியே சொன்னால் மானம் போகும் என்று மனத்துக்குள்ளே வைத்துப் புழுங்கினார்கள். அந்தப் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. மகளை இழந்தவர்களைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அவர்களை அப்படி நினைக்க வைத்தது எது? வயதுப் பெண் காணவில்லை என்றால் ஓடித்தான் போயிருப்பாள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற ஊர் வாய். அந்த வாய் ஹாஜிப்பூரில் மட்டும் இல்லை. நம் தெருவிலும் இருக்கிறது. மார்ச்சிலேயே புகார் எழுதி, மார்ச்சிலேயே கிணறுகளைத் தேடியிருந்தால் ஏப்ரலில் அந்தப் பள்ளிப் பிள்ளை பிழைத்திருப்பாளா? பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய நம்மால் ஆகாது. ஆனால் தேடும் போலீஸ் அந்தப் பாதையில் நடமாடியிருக்கும். பெற்றவர்கள் எச்சரிக்கையாகியிருப்பார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி இரவு, ஷம்ஷாபாத் பக்கத்தில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் காணாமல் போனார். இது நாடறிந்த செய்தி. அன்றிரவே குடும்பத்தார் போலீசிடம் ஓடினார்கள். இது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று அலைக்கழித்தார்கள் என்றும், யாரோடாவது போயிருப்பாள் என்று பேசினார்கள் என்றும் குடும்பத்தார் கதறினார்கள். மறுநாள் காலை ஷாத்நகர் அருகே எரிந்த உடல் கிடைத்தது. தாமதத்துக்காகப் போலீசார் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். டிசம்பர் 6-ஆம் தேதி, பிடிபட்ட நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நம் தெருக்களிலும் பட்டாசு வெடித்தது, மறக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? போலீசார் வேண்டுமென்றே சுட்டார்கள் என்று சொன்னது. துப்பாக்கிச் சத்தத்தில் அன்றிரவு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த குடும்பத்தின் குரல் அமுங்கிப் போயிற்று. நால்வரைச் சுட்டதால் அடுத்த பெண்ணுக்காகப் புகார் எழுதும் பேனா வேகமாக ஓடிவிடுமா?

பாராளுமன்றத்தில் 2023-இல் அரசு கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. 2019 முதல் 2021 வரை மூன்று ஆண்டுகளில், 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 10,61,648 பேரும் அதற்குட்பட்ட சிறுமியர் 2,51,430 பேரும் காணாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. இது எழுதப்பட்ட கணக்கு. ஹாஜிப்பூரின் அந்தக் கல்லூரி மாணவி, மார்ச்சில் காணாமல் போனபோது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சடலமாகக் கிடைத்த பிறகுதான் அவள் பெயர் காகிதத்துக்கு வந்தது.

ரயில்வேயில் வேலை செய்கிற எங்களுக்கு ஒன்று தெரியும். பார்சல் ஆபீஸுக்கு வர வேண்டிய ஒரு மூட்டை வந்து சேரவில்லை என்றால் உடனே பதிவேட்டில் எழுதுவோம். ஏற்றிய ஸ்டேஷனுக்குச் செய்தி போகும், வழியிலுள்ள ஸ்டேஷனுக்குச் செய்தி போகும். அந்த மூட்டை எவனோடு போயிற்று, அதன் நடத்தை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மூட்டைக்குக் கிடைக்கிற மரியாதை நம் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அந்தப் பெண்ணின் அனுமதியைக் கேட்டுத்தான் சொல்கிறோம். பெயர் சொல்லமாட்டோம். எந்த வீடு, எந்த வரிசை என்று யாரும் யோசிக்கவும் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மில் ஒரு குடும்பத்துப் பெண், திருவிழாவுக்காகத் தமிழ்நாட்டில் தன் பாட்டி ஊருக்குப் போனாள். விழா முடிந்து, விடியற்காலையில் பஸ்ஸைப் பிடிக்கத் தனியாக நடந்தாள். இங்கே வந்து சேரவில்லை. கைப்பேசியும் எடுக்கவில்லை. தாய் எங்களிடம்தான் ஓடி வந்தார்கள். சங்கத்துக்காரர்கள், நாலு எழுத்துப் படித்தவர்கள் என்ற நம்பிக்கை. நாங்கள் என்ன செய்தோம்? "கொஞ்சம் பொறுங்கள் அம்மா, அவசரப்பட்டு ஸ்டேஷனுக்குப் போனால் நாளைக்குப் பெண்ணின் கல்யாணம் கெட்டுப்போகும்" என்று சொன்னோம். டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே வாரம் நம் பகுதிப் பையன் ஒருவன் அக்காளின் பிரசவத்துக்காக லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தான். இரண்டையும் இரண்டையும் கூட்டினோம். அவள் அவனோடு போய்விட்டாள் என்று முடிவு கட்டினோம். அவளுடைய படம் கைக்குக் கை, கைப்பேசிக்குக் கைப்பேசி போயிற்று. தேடுவதற்காகப் போகவில்லை, கதைக்குப் படமாகப் போயிற்று.

நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் அந்தப் பையன் திரும்பி வந்தான். தனியாக வந்தான். வாசலிலேயே அவனை நாலு பேர் அடித்தார்கள். அதன் பிறகுதான் நமக்குப் புத்தி வந்து புகார் எழுதினோம். ஆறாம் நாள் தகவல் கிடைத்தது. பஸ்ஸுக்கு நடந்து போகையில் ஏதோ ஒரு வண்டி மோதி, நினைவு தப்பி, பக்கத்து நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பையும் போனும் போய்விட்டன. கட்டில் அட்டையில் "பெயர் தெரியாத பெண்" என்று எழுதியிருந்தது. அங்கே போலீசிடம் அடையாளம் தெரியாத பெண் என்று ஒரு காகிதம் இருந்தது. இங்கே காணாமல் போன பெண் என்று ஒரு காகிதம் இருந்திருந்தால் இரண்டும் அன்றைக்கே சந்தித்திருக்கும். ஒரு காகிதத்தை நாம் எழுதவே இல்லை.

பிழைத்தாள். இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். பேச்சு வந்ததும், கண் விழித்தபோது பக்கத்தில் ஏன் ஒருவரும் இல்லை என்று தாயைக் கேட்டாள். தாயால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே திரும்பி வந்த பிறகு எல்லாம் தெரிந்துகொண்டாள். "நான் யாரோடு போனதாகச் சொன்னீர்கள்?" என்று எங்களைக் கேட்டாள். நாங்களும் பதில் சொல்லவில்லை. அடி வாங்கிய பையன் இந்த ஊரை விட்டே போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க முகவரி கூட நம்மிடம் இல்லை.

தோழர்களே, "ஓடிப்போனாள்" என்ற சொல்லால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். புகாரை எழுதச் சோம்பல்படுகிற ஸ்டேஷனுக்கு லாபம். பஸ் விடாத, விளக்குப் போடாத அரசுக்கு லாபம். உண்மையிலேயே கடத்தியவன் இருந்தால் அவனுக்குப் பெரிய லாபம், நாம் அவனுக்கு நான்கு நாள் அவகாசம் கொடுக்கிறோம். நஷ்டம் யாருக்கு? காணாமல் போனவளுக்கு. அவளுக்கு மட்டுமா? அந்தக் கதையைக் காரணம் காட்டி வேலைக்குப் போகிற பெண்ணை நிறுத்துகிறோம், கல்லூரிக்குப் போகிற பெண்ணை நிறுத்துகிறோம். ஒருத்தி காணாமல் போனால் பத்துப் பேரை வீட்டுக்குள் பூட்டுகிறோம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே சாகிறோம். அந்த நாலு பேர் வேறு யாருமில்லை, நாம்தான்.

சிலர் கேட்கலாம். உண்மையிலேயே விரும்பித்தான் போயிருந்தால்? போகட்டுமே! 18 வயது நிரம்பியவள் தன் துணையைத் தானே தேர்ந்தெடுப்பது அவள் உரிமை. அதில் சாதிப் பஞ்சாயத்தோ உறவினர் கூட்டமோ தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் புகார் கொடுப்பது அவளைப் பிடித்து இழுத்து வருவதற்காக அல்ல. உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்காக. "இருக்கிறேன், நலமாக இருக்கிறேன், என் விருப்பப்படி வந்தேன்" என்று அவள் போலீசிடம் சொல்லிவிட்டால் சங்கத்தின் வேலை அத்தோடு முடிந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, எவன் வீடு என்று நாம் விசாரிக்கமாட்டோம். விசாரிப்பவர்களுக்குத் துணையும் போகமாட்டோம்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று: 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ரயில் பயணத்தில் என்றால் 139. இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இரண்டு: எங்கள் எல்லை இல்லை என்ற பதிலை ஏற்காதீர்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. காணாமல் போன ஒரு சிறுமிக்காக அவள் தகப்பன் போராடியதில் வந்த தீர்ப்பு அது; லலிதா குமாரி வழக்கு என்று பெயர். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஈரோடு மாவட்டத்தில் பிறந்த நீதியரசர் சதாசிவம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. நகல் இலவசம். கடத்தல் சந்தேகம் இருந்தால் அதைப் புகாரில் தெளிவாக எழுத வேண்டும். காணாமல் போனது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் கடத்தலாகவே கருதிப் பதிய வேண்டும் என்பதும் 2013-ஆம் ஆண்டின் இன்னொரு உச்ச நீதிமன்ற உத்தரவு.

மூன்று: தெலுங்கு எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். சங்கத்திலிருந்து இருவர் கூட வருவார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பார். படம், உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம், கிளம்பிய நேரம், போன வழி, கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். சொந்த ஊரில் காணாமல் போனால் அங்கேயும் ஒருவர் ஸ்டேஷனுக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

நான்கு: சங்கத்தில் ஒரு பதிவேடு திறக்கிறோம். அதில் எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்குப் புகார் கொடுத்தோம் என்ற இரண்டே கேள்விகள் இருக்கும். யாரோடு என்ற கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது.

தாய்மார்களே, தோழர்களே! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் என்பது நாம்தானே? நம் வாயை மூட நமக்கு உலைமூடி எதற்கு? இன்று வீட்டுக்குப் போகிற வழியில், நாங்கள் சொன்ன பெண் யாராக இருக்கும் என்று பேசிக்கொண்டு போகாதீர்கள். அவள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நாம் திருந்தினோமா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.