வீட்டுக்குள் ஹெட்ஃபோன்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் மீட்டர் விவகாரம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மைக் என் கைக்கு வந்திருக்கிறது. டீ வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் புகார் நோட்டில் "இரவில் டிவி சத்தம்" என்று எழுதியிருக்கும் பக்கத்தில் என் வீட்டு எண்ணும் இருக்கிறது. எழுதியவர்கள் கீழ்வீட்டுக்காரர்கள். எழுதுவதற்கு முன் அவர்கள் வீட்டுப் பெண் ஒரு நாள் மேலே வந்தாள். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை. "அங்கிள், பாட்டி பார்க்கிற சீரியல் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. கெமிஸ்ட்ரிதான் ஆக மாட்டேங்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 30 வருடத்துக்கு மேல் டப்பிங் தியேட்டரில் சத்தத்தை அளந்து சம்பளம் வாங்கியவன் நான்.

அம்மாவுக்கு வயது 81. காது மந்தம். டிவி ஒலியைக் குறைத்தால் அவருக்குக் கேட்காது, கூட்டினால் கீழ்வீடு தூங்காது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கிற அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. அம்மாவின் சீரியல் அதற்குள் அடங்குகிற ஆள் இல்லை. அதிலும் தாழ்ந்த சுருதிச் சத்தம், அந்த 'டும் டும்' இருக்கிறதே, சுவரையும் தளத்தையும் எளிதாகக் கடந்து போய்விடும். அதனால் ஹெட்ஃபோன் வாங்கினேன். அதில் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹெட்ஃபோனில் இரண்டு சாதி. கிண்ணத்தின் வெளிப்புறம் சல்லடை மாதிரி திறந்திருப்பது ஒன்று, முழுக்க மூடியிருப்பது இன்னொன்று. திறந்ததில் பாட்டு விசாலமாக, எதிரே மேடையில் பாடுவது போலக் கேட்கும். சென்ஹைசர் கம்பெனி 1968-இல் கொண்டுவந்த எச்.டி. 414 அந்த வகைக்கு முன்னோடி. ஆனால் உள்ளே கேட்பதெல்லாம் வெளியேயும் கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் உங்களைத் திட்டுவார். மூடியது அப்படியில்லை. டப்பிங்கில் நாங்கள் மூடியதைத்தான் கொடுப்போம். நடிகர் காதில் ஓடுகிற பழைய வசனம் கசிந்து மைக்கில் ஏறினால் அந்த டேக் வீண். ஸ்டூடியோவில் மைக் படுகிற பாடுதான் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் படுவது. ஆகவே நமக்கு மூடியதுதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. மூடிய கிண்ணத்துக்குள் சத்தம் முட்டி மோதும். மட்டமான செட்டில் பாடகர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். நல்ல செட்டில் அதை அடக்கியிருப்பார்கள், ஆனாலும் மேடை கொஞ்சம் சுருங்கியே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் நம் குரலே மண்டைக்குள் கும்மென்று கேட்கும். வீட்டிலிருந்து ஆபீஸ் மீட்டிங் பேசுகிறவர்கள் தேவைக்கு மேல் கத்துவதற்கும் அடங்கிப் பேசுவதற்கும் காரணம் அதுதான். ஒரு பக்கத்தைக் காதிலிருந்து சற்று நகர்த்திவிட்டுப் பேசிப் பாருங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று, மூடியது எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். குக்கர் விசில், குழந்தை அழுகை மாதிரி கீச்சென்ற சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஜெனரேட்டர், ஏ.சி. மாதிரி உறுமலை அவ்வளவாகக் குறைக்காது. உறுமலைக் குறைக்கத்தான் நாய்ஸ் கேன்சலிங் என்று மின்சுற்று வைத்து விற்கிறார்கள். ஜெனரேட்டர் பக்கத்து ஃப்ளாட்காரர்களுக்கு அது உதவும்.

இப்போது மாட்டுவது பற்றி. கடையில் எல்லோரும் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குகிறோம். நான் முதலில் தலையைப் பார்க்கச் சொல்வேன். மூடிய ஹெட்ஃபோனின் சங்கதி எல்லாம் காதைச் சுற்றி அந்தக் குஷன் இடைவெளி இல்லாமல் உட்காருவதில் இருக்கிறது. கொஞ்சம் இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது தாழ்ந்த சுருதி. மிருதங்கக் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். தொப்பிப் பக்கம் 'தொம்' என்று விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியதும் 'தொம்' கனத்தால், ஏற்கெனவே எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நிறைய பேர் "இந்த மாடலில் பேஸே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். மாடலில் இருக்கிறது, மாட்டியதில்தான் இல்லை.

ஒழுகுவதற்கு நம் வீடுகளில் மூன்று காரணம். மூக்குக் கண்ணாடியின் காம்பு, தொங்குகிற ஜிமிக்கி, காதோரம் அடர்ந்த முடி. கண்ணாடி போடுகிறவர்கள் மெத்தென்ற குஷனும் மெல்லிய காம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்ஃபோனைச் சோதித்து வாங்கிப் பயனில்லை. காது முழுக்கக் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும். காது மேலேயே உட்காருகிற சின்ன வகை அரை மணியில் மடலை வலிக்க வைத்துவிடும். கடையில் இரண்டு நிமிடம் போட்டால் வலி தெரியாது. பதினைந்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

குஷன் பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்ற செயற்கைத் தோல் சத்தத்தை நன்றாக அடைக்கும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் உரிந்து, கருப்புச் செதிலாகக் காதிலும் தலையணையிலும் ஒட்டும். என் கையில் எதுவும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. வெல்வெட் மாதிரியான துணிக் குஷன் வியர்க்காது, சத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும். எதுவானாலும், குஷன் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டூடியோக்களில் பல வருடமாக ஓடுகிற சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ டெக்னிகா எம் 50 எக்ஸ், பேயர்டைனமிக் டி.டி. 770 மாதிரியானவற்றுக்கு மாற்றுக் குஷன் கிடைக்கும். அதனால்தான் அவை பல வருடம் ஓடுகின்றன. நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை.

அந்த டி.டி. 770-இல் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று மூன்று வகை வருகிறது. ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து 250 வாங்கிவிட்டு, ஃபோனில் சொருகினால் சத்தம் வரவில்லை என்று என்னிடம் ஒருவர் கொண்டுவந்தார். நம் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் மேல் மாடிக்கு எப்படி வருகிறது? அந்தக் கதைதான். தள்ளுகிற அழுத்தம் போதவில்லை. ஃபோனுக்கும் டிவிக்கும் 32-இலிருந்து 80-க்குள் இருப்பதை வாங்குங்கள்.

இனி ஒயர். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்டு ஒயர் விற்கிறார்கள், அதை மாற்றினால் பாட்டு மாறிவிடும் என்கிறார்கள். என் காதுக்கு ஒருநாளும் மாறியதில்லை. ஒயரில் பார்க்க வேண்டியது வேறு. முதலாவது, கழற்றி மாட்டுகிற ஒயரா? ஒயர் அறுவது பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில். கழற்றுகிற வகை என்றால் புது ஒயர் மாட்டிவிடலாம், ஆனால் கிண்ணத்துப் பக்கம் வருகிற பின் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதைப் பார்த்து வாங்குங்கள். நிரந்தரமாக ஒட்டிய வகை என்றால் பற்றவைக்க வேண்டும். அந்த மெல்லிய செம்பு இழைகள் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதைச் சுட்டு எடுக்காமல் ஈயம் பிடிக்காது. தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டாவது, ஒயர் சட்டையில் உரசினால் அந்தச் சரசரப்பு நேரே காதுக்கு வரும். சட்டையில் ஒரு கிளிப் போட்டால் போதும்.

ஒரு வேடிக்கை. பாட்டில் வாத்தியமெல்லாம் கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது என்பார்கள். ஹெட்ஃபோன் போய்விட்டது என்று குப்பையில் போடாதீர்கள். பின் முழுதாகச் சொருகவில்லை, அல்லது இரண்டு காதுக்கும் பொதுவான கம்பி அறுந்திருக்கிறது. குரலை இரண்டு பக்கத்திலும் சமமாக வைத்துக் கலந்திருப்பார்கள். பொதுக்கம்பி விட்டுப்போனால் இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சமமாக இருக்கிற குரல் காணாமல் போகும், வித்தியாசமாக இருக்கிற வாத்தியம் மிஞ்சும். பின்னை அழுத்திச் சொருகிப் பாருங்கள்.

ஒரு காது மட்டும் கேட்கிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். ஃபோன் செட்டிங்கில் மோனோ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுக்கு வந்துவிடும், பாதிப் பாட்டை இழக்க வேண்டாம்.

அம்மா கதைக்கு வருகிறேன். டிவியின் பின்னால் ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எல்லா டிவியிலும் இல்லை. எங்கள் டிவியில் இருந்தது. ஒயர் ஒன்றேகால் மீட்டர். சோபாவுக்கு எட்டவில்லை, நீட்டிப்பு ஒயர் போட்டேன். அது ஹாலுக்குக் குறுக்கே கணுக்கால் உயரத்தில் தொங்கியது. மூன்றாம் நாள் அம்மாவின் கால் அதில் மாட்டியது. சோபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், நல்லவேளை. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் நடைபாதையில் ஒயர் வேண்டவே வேண்டாம். சுவரோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஒயர் இல்லாததை வாங்குங்கள். ப்ளூடூத்தில் சில டிவியில் வாயசைவு முன்னே போகும், வசனம் பின்னே வரும். டப்பிங்காரன் கண்ணுக்கு அது சித்திரவதை. டிவிக்கென்றே ரேடியோ அலையில் ஓடுகிற செட் இருக்கிறது, டிவி பக்கத்தில் ஒரு ஸ்டாண்டோடு வரும். அதில் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரிவதில்லை. கடைசியில் அதற்குத்தான் போனேன்.

கீழ்வீடு அமைதியானது. இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பேங்க் போய்விட்டுத் திரும்பினேன். கதவு உள்தாழ்ப்பாள். பெல் அடித்தேன், தட்டினேன், ஃபோன் செய்தேன். உள்ளே மணி அடிப்பது வெளியே எனக்குக் கேட்கிறது, அம்மா எடுக்கவில்லை. அந்த இருபது நிமிடம் என் மனதில் என்னென்ன ஓடியது என்று இந்தச் சபையில் சொல்ல முடியாது. செக்யூரிட்டி தம்பி வந்து பால்கனிப் பக்கம் ஏறிப் பார்த்தார். அம்மா ஹெட்ஃபோனோடு சீரியலில் அழுதுகொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீ அணைந்து கிடந்தது. கேஸ் வாடை லேசாக வர ஆரம்பித்திருந்தது.

சத்தம் வெளியே போகாது என்று பணம் கொடுத்து வாங்கிய பொருள், வெளிச் சத்தத்தையும் உள்ளே விடாது. இது எனக்குத் தெரியாததா? தொழிலே அதுதான். ஆனாலும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்தவை இவை. காலிங் பெல்லோடு ஒரு விளக்கை இணைத்து டிவி பக்கத்தில் வைத்தேன், பெல் அடித்தால் விளக்கு மின்னும். ஃபோனை வைப்ரேஷனில் போட்டு அம்மா மடியில் வைக்கச் சொன்னேன். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். ஒரு சாவி கீழ்வீட்டில் இருக்கிறது, அந்தக் கெமிஸ்ட்ரிப் பெண்ணிடம்தான். அடுப்பு எரியும்போது ஹெட்ஃபோன் இல்லை என்று அம்மாவே சட்டம் போட்டுக்கொண்டார். இளைஞர்களுக்கும் சொல்கிறேன், பார்க்கிங்கில் கார் பின்னால் எடுக்கும்போது நடுவில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு நடக்காதீர்கள். இதுவரை மூன்று பேருக்கு ஹார்ன் அடித்தே என் தொண்டை காய்ந்திருக்கிறது.

காது மந்தமானவருக்கு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடவும் கூடாது. அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனபோது ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்தது தெரிந்தது. எடுத்த பிறகு டிவி ஒலி பல படி இறங்கியது. ஹியரிங் எய்ட் போடுகிறவர்கள் அதன் மேலேயே ஹெட்ஃபோன் மாட்டினால் சில சமயம் கீச்சென்று விசில் அடிக்கும். பெரிய கிண்ணமாகப் பார்த்து, எய்ட் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒலி அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75-இல் 40 மணி. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 90 என்றால் வாரத்துக்கே 4 மணிதான். சில ஃபோன்கள் இதைத் திரையில் காட்டுகின்றன, உங்கள் பிள்ளைகளின் ஃபோனில் ஒருமுறை பாருங்கள். மூடியது வெளிச் சத்தத்தைக் குறைப்பதால் குறைந்த ஒலியிலேயே நன்றாகக் கேட்கும். ஆனால் பக்கத்தில் யாருக்கும் கேட்காது, அதனால் யாரும் அதட்டவும் மாட்டார்கள். எனக்கும் அந்த நாளில் அதட்ட ஆளில்லை. இரவு ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க ஒலியை ஏற்றி வைத்துக்கொண்டே வேலை செய்தேன். இப்போது இடது காதில் ராத்திரி பூராவும் சில்வண்டு. பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். மனைவி 'சட்டை' என்றால் எனக்கு 'கட்டை' என்று கேட்கிறது. இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டீ வந்துவிட்டது. அந்த மேஜையில் நான்கு செட் வைத்திருக்கிறேன், துடைக்கத் துணியும் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு, ஜிமிக்கி போட்டவர்கள் ஜிமிக்கியோடு வந்து மாட்டிப் பாருங்கள். ஒலியை நான் வைத்திருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.