கடல் தின்றதும் தின்னாததும்



ஆறாயிரம் அடி உயரத்தில் கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நமக்குக் கடலடியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்தல்லவா இம்மலையேறினர்!

1961ஆம் ஆண்டில் மூழ்கிய கப்பல்கள் இரண்டு மனிதர் கண்ணிற்பட்டன. ஒன்று சுவீடன் நாட்டின் வாசா. 1628இல் முதற்பயணத்திலேயே ஸ்டொக்ஹோம் துறைமுகத்திற் கவிழ்ந்த போர்க்கப்பல் அது. இருண்ட குளிர்நீரிற் சுழியோடிகள் இறங்கி, கப்பலுக்கடியிற் சுரங்கம் குடைந்து, வடம் மாட்டினர். 333 ஆண்டுகளின் பின் மேலே வந்த அக்கப்பலின் மரம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. செதுக்கிய சிங்கங்கள்கூட அழியவில்லை. உப்புக் குறைந்த அக்கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு வாழ்வதில்லை என்பதே காரணம்.

மற்றது நம் நாட்டிலேயே, கிரிந்தைக்கு அப்பால். சிங்கள மக்கள் இராவணன் கோட்டை என்றழைக்கும் கிரேட் பாசஸ் பாறைத்தொடர் அங்குள்ளது. மைக் வில்சன் என்பவர், முன்னர் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கீசர் 1624இல் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டவர். அவர் இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் அப்பாறையருகே படம்பிடிக்கச் சென்றபோது பீரங்கிகளும் வெள்ளிக் கட்டிகளும் தென்பட்டன. ஔரங்கசீப் ஆட்சியில், 1702 அளவில், சூரத்தில் அச்சிட்ட ரூபாய்கள் அவை. பைகள் உக்கிப்போயின, நாணயங்களோ பையின் வடிவிலேயே ஒட்டி இறுகிக் கிடந்தன! அங்கு அலையும் நீரோட்டமும் கொடியவை. பருவக்காற்றுகளின் இடையே ஆண்டிற் சில வாரங்களே இறங்க முடியும்.

நம் வெப்பக் கடலில் மரம் நிலைப்பதில்லை. வெள்ளியும் வெண்கலமும் கல்லுமே எஞ்சும். ஆகவே பொருள் ஏற்றிய கப்பலுக்குத்தான் இங்கே சாட்சி உண்டு. 1864இல் தோட்டங்களுக்கு ஆளேற்றி வந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கியது. அதிலே சுழியோடிக்கு என்ன கிடைக்கும்? துணிமூட்டையைக் கடல் தின்றிருக்கும். சில பித்தளைச் செம்புகள், எவளோ ஒருத்தியின் தாலிப்பொட்டு, அவ்வளவே இருக்கும்.

சூரத்து வெள்ளியைப் பற்றி ஆர்தர் கிளார்க் எழுதிய நூல் 1964இல் வெளிவந்தது. ஆதிலட்சுமி மூழ்கி அப்போது நூறாண்டு. அவ்வாண்டு ஒக்டோபரிற்றான் நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. அவர்களிற் பலர் பெட்டியும் மூட்டையுமாகத் தலைமன்னாரிலே கப்பலேறினர்.