பெரிய தெருவிலிருந்து வாஷிங்டன் வரை



"பழைய கதை ஏதாவது சொல்லுங்க சார்" என்றார் நம் சங்கச் செயலாளர். சொல்கிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. "அவன் சரியான எம்டன்டா" என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். 1918-ல் போர் ஓய்ந்தது. மறுபடி ஒரு போர் மூளாதிருக்க வல்லரசுகள் 1920-ல் சர்வதேச சங்கம் கண்டன; பிறகு போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டின.

இதை வகுப்பில் கடகடவென்று ஒப்பித்தேன். பேராசிரியர் கேட்டார்: "வாஷிங்டன் ஒப்பந்தத்திலே இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டது யாருப்பா?" திருதிருவென்று முழித்தேன். "தினம் பெரிய தெரு ஹிந்து ஹைஸ்கூலைத் தாண்டித்தானே வர்றே? அங்கே ஹெட்மாஸ்டரா இருந்தவர்!"

வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1921-ல் ஜெனீவா சென்று, அங்கிருந்து வாஷிங்டன் போனார். 1922 பிப்ரவரி 6-ல் கையெழுத்திட்டார். பெரிய போர்க்கப்பல்களில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் தலா 5,25,000 டன். ஜப்பானுக்கு 3,15,000 டன்.

கையெழுத்துப் போட இந்தியாவுக்கு இடம் உண்டு. தன்னைத்தானே ஆள உரிமை இல்லை! 1919-ல், எல்லா நாட்டாரும் சமம் என்று சங்கத்தின் சாசனத்தில் எழுதச் சொன்னது ஜப்பான். 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தும், ஒருமனதாக இல்லையென்று தலைவர் வில்சன் தள்ளிவிட்டார். ஆசியாவில் அதே ஜப்பான் செய்த கொடுமைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வடு ஆறவில்லை. 1934-ல் ஜப்பான் விலகல் அறிவிப்புக் கொடுத்தது. 1936 முடிவில் ஒப்பந்தம் காலாவதி. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. என் பாட்டியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ரயிலேறினாள்.

தம்பி தங்கைகளே, அவர்கள் கப்பலை டன் கணக்கில் சரியாகத்தான் அளந்தார்கள். மனிதரை மட்டும் சமமாக அளக்கவில்லை. போர் திரும்பியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மரியாதை இல்லாத இடத்தில் அமைதி நிலைக்காது. இது வல்லரசுக்கும் பொருந்தும், ஹாஸ்டல் அறைக்கும் பொருந்தும்.

அடுத்த முறை பெரிய தெருவில் போகும்போது அந்தப் பள்ளியை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். யாராவது கேட்டால், என்னைப் போல முழிக்காதீர்கள்!