பசியைத் தணிக்கும் ஊசி

(தொடர்கல்வி மையத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் ஓர் அம்மா என்னிடம் வந்தார். "டாக்டர், இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். அதற்குள் நான் இளைக்க வேண்டும். எடை குறைக்கும் ஊசி எழுதிக் கொடுங்கள்" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. "வயிறு நிறைந்தது, போதும்" என்று அது மூளைக்குச் சொல்கிறது. சில நிமிடங்களில் அது அழிந்துவிடும். ஊசியில் உள்ள மருந்து அதே வேலையைப் பல நாட்கள் செய்கிறது. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும். பசி குறையும். குறைவாகச் சாப்பிடுவோம். அதனால்தான் எடை குறைகிறது.

மவுன்ஜாரோ, வெகோவி என்ற ஊசிகள் 2025-ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒரு முறை, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட வேண்டும். சிறிய அளவில் தொடங்கி, மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

இது யாருக்கு? ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் எடையை உயரத்தால் வகுக்க வேண்டும். வந்த விடையை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும். எடை கிலோவில், உயரம் மீட்டரில். விடை 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் இந்த ஊசியைப் பற்றி யோசிப்பார். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்றவை இருந்தால் 27 போதும்.

அந்த அம்மாவின் எடை 54 கிலோ. உயரம் ஒன்றரை மீட்டர். 54-ஐ ஒன்றரையால் வகுத்தால் 36. மறுபடியும் வகுத்தால் 24. வேறு நோயும் இல்லை. அவருக்கு ஊசி தேவையில்லை.

கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும் இதைப் போடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கணையம் வீங்கிய நோய் முன்பு வந்திருந்தாலும் சொல்லுங்கள்.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் வரலாம். பித்தப்பையில் கல்லும் உண்டாகலாம். வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகு வரை பரவினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பலன் எவ்வளவு? 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெகோவியில் உள்ள மருந்தை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு 15 கிலோ குறைந்தது. அவர்கள் உணவையும் குறைத்தார்கள், உடற்பயிற்சியும் செய்தார்கள். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பி வந்துவிட்டது. ஆகவே இது கல்யாணத்துக்காகப் போடும் ஊசி அல்ல. நீண்ட காலச் சிகிச்சை.

போலி ஊசிகளும் உண்டு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். யாரும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள்.

அந்த அம்மா இப்போது தினமும் காலையில் நடக்கிறார். கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்.