முடக்க காலத்தில் குடும்பக் கணக்கு
(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை ஒட்டி ஜீவனஹள்ளி அமைந்துள்ளது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது. இதற்கு அருகிலுள்ள பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கிய பின்னர், நெரிசலைக் குறைக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு என்பது நினைவுகூரத்தக்கது. பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி 1897இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020இலும் கைக்கொள்ளப்பட்டது. நோயைத் தடுக்கும் வழிமுறை அச்சட்டத்தில் உண்டு. அடைபட்ட வீட்டின் அடுப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. 21 நாட்கள் என்று தொடங்கியது மே இறுதிவரை நீண்டது. ஆட்டோ ஓட்டுவோர், கட்டடத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர், தள்ளுவண்டி வணிகர் ஆகியோரின் வருவாய் நாள்தோறும் வருவது. ஆகவே அது ஒரே நாளில் நின்றது. செலவோ அவ்வாறு நிற்கவில்லை.

முதலில் வாடகையைக் காண்போம். தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29இல் ஆணையிட்டது. ஆனால் பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடிபுகுவது நெடுநாள் வழக்கம். வாடகை தர இயலாதபோது அத்தொகையில் கழித்துக்கொள்வதற்கு இடமிருந்தது. இருதரப்பும் மனமொத்த ஏற்பாடே எனினும், இது குடும்பம் தன் முதலைத் தானே உண்பதாகும். அடுத்த வீடு பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு தெரியும்.

அடுத்தது கடன் தவணை. ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அறிவித்து, பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் ஒத்திவைக்கப்பட்டது, வட்டி அன்று. எடுத்துக்காட்டாக, ஓர் ஆட்டோவின் மீது 14 விழுக்காடு வட்டியில் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் நிற்பதாகக் கொள்வோம். ஆறு மாதத் தனிவட்டி 10,500 ரூபாய். மாதந்தோறும் வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஏறத்தாழ 10,811 ரூபாய். இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் திருப்பித் தரும் திட்டம் 2020 அக்டோபரில் வந்தது. அதன்படி இக்கடன்தாரர் பெறுவது சுமார் 311 ரூபாய். வட்டிமீது வட்டி எவரிடமும் பெறலாகாது என உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23இல் தீர்ப்பளித்தது; மூல வட்டியைத் தள்ளுபடி செய்ய இயலாதென்றும் அது கூறிற்று. வைப்பாளருக்கு வங்கி வட்டி தந்தாக வேண்டும் என்ற காரணம் மறுக்கற்பாலதன்று. எனினும் எஞ்சிய 10,500 ரூபாய் அந்தக் குடும்பத்தின் மீதே நின்றது.

அரசின் உதவிகள் பலவாகும். பெண்களின் ஜன் தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் செலுத்தப்பட்டது. கர்நாடக அரசு 2020 மே 6இல் அறிவித்த 1,610 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநருக்கு ஒருமுறை உதவியாக 5,000 ரூபாய் இடம்பெற்றது. இதனை இணையதளம் வழி விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. உதவி அறிவிக்கப்பட்டபோது முடக்கம் தொடங்கி ஆறு வாரம் கடந்திருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்து, குடும்ப அட்டையை ஊரிலேயே வைத்திருந்தோரின் நிலை தனித்துக் கருதத்தக்கது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு வழங்கிய 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் ஊரின் நியாயவிலைக் கடையில் இருந்தன. இடையில் மாநில எல்லை மூடப்பட்டிருந்தது. மே மாதம் அறிவிக்கப்பட்ட இலவசத் தானியமோ எந்த அட்டையும் இல்லாத புலம்பெயர்ந்தோருக்கானது. அட்டை இருந்ததே இவர்களுக்குத் தடையாயிற்று. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில்தான் இணைந்தது.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு புதிர் எழக்கூடும். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் உள்நாட்டு உற்பத்தி 23.9 விழுக்காடு சரிந்ததாக முதலில் மதிப்பிடப்பட்டது. அதே காலாண்டில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு உற்பத்தியில் சுமார் 21 விழுக்காடாக உயர்ந்ததென ரிசர்வ் வங்கியின் முதற்கட்ட மதிப்பீடு கூறிற்று. பகுக்கும் எண் சுருங்கியது ஒரு காரணம். மாதச் சம்பளம் பெற்றோருக்குச் செலவிட வழியின்றிப் பணம் தங்கியது மற்றொன்று. சராசரி என்ற சொல் ஜீவனஹள்ளியின் ஒரே தெருவில் உள்ள இரு வீடுகளைக்கூட ஒன்றாக்கிவிடும்.

சேமிப்பற்ற வீடு நாடியது நகையை. 2020 ஆகஸ்டில் பத்து கிராம் தங்கம் 56,000 ரூபாயை எட்டியது. அம்மாதமே, வங்கிகள் நகை மதிப்பில் 75க்குப் பதிலாக 90 விழுக்காடு வரை கடன் தர ரிசர்வ் வங்கி இசைந்தது. இச்சலுகை 2021 மார்ச் 31 வரை நீடித்தது. அன்றைய நெருக்கடியில் இது பெரும் துணையே. ஆயின் அந்த மார்ச்சில் விலை 45,000 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. உச்ச விலையில் அடகு வைத்தவரின் கடன், நகையின் மதிப்பையே தாண்டியது. வேறுபாட்டைக் கட்டும்படி கடிதம் வரும், இல்லையேல் நகை ஏலத்துக்குப் போகும் என்ற நிலை உருவான சில வாரங்களில், 2021 ஏப்ரல் 27 அன்று, கர்நாடகத்தில் இரண்டாம் அலைக்கான மாநிலந்தழுவிய முடக்கம் தொடங்கியது.